தடுப்பூசி போட்ட கையில் கரண்டி ஒட்டி நிற்பது காந்தத்தாலா?

கரூர் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு 68 வயது. நீண்ட நாளாக நீரிழிவு உள்ளவர். நிமோனியா போன்ற தொற்றுகளைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு அவருடைய மருத்துவர் அறிவுறுத்தியிருக்கிறார். இந்த நேரத்தில், கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் தவணை போட்டுக்கொண்ட, மகாராஷ்டிரத்தின் நாசிக் நகரைச் சேர்ந்த ஒருவரின் உடலில் நாணயங்களும் தட்டுகளும் ஒட்டிக்கொண்டதாக 2021 ஜூனில் பரவிய காணொளியை யாரோ வாட்ஸ்அப்பில் மறுபடியும் அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்த மாமா ஓர் எவர்சில்வர் கரண்டியை எடுத்து, முன்பு தடுப்பூசி போட்டிருந்த தம் மேற்கையில் வைத்துப் பார்த்தார். அது விழாமல் நின்றுவிட்டது. "கண்ணால் பார்த்ததையே பொய் என்கிறீர்களா?" என்று கேட்கிறார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அப்போதே இதை மறுத்திருந்ததைக் காட்டினேன். அரசு வேறு எப்படிச் சொல்லும் என்று ஒதுக்கிவிட்டார். அவரைப் புண்படுத்தாமல், வீட்டிலேயே செய்து காட்டக்கூடிய விளக்கம் ஏதேனும் உண்டா?

முன்னாள் இயற்பியல் ஆசிரியர்

ஐயா, உங்கள் மாமனார் கண்டது பொய்யில்லை. கரண்டி நின்றது உண்மை; அதை நிறுத்தி வைத்தது காந்தம் என்ற முடிவுதான் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன், ஏனெனில் "ஒட்டவே ஒட்டாது" என்று நாம் வாதிடும்போது, தம் கண்ணையே நாம் சந்தேகிப்பதாக அவர் எடுத்துக்கொள்கிறார்.

முதலில் அந்தக் கரண்டியிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். குரோமியமும் நிக்கலும் கலந்த நல்ல எவர்சில்வரைக் காந்தம் பெரும்பாலும் இழுப்பதில்லை. (இண்டக்‌ஷன் அடுப்புக்கென்று வாங்கிய பாத்திரத்தில் சோதிக்க வேண்டாம், அதன் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டுவதற்கென்றே வேறு வகை உருக்கைச் சேர்த்திருப்பார்கள்.) பித்தளை நிறத்தில் வரும் ஐந்து ரூபாய் நாணயமும் அப்படியே. காந்தம் இழுக்காத ஒரு பொருள் கையில் நிற்குமானால், அதை நிறுத்தியது வேறு ஏதோ ஒன்று என்பதை அவரே சொல்லிவிடுவார்.

அந்த வேறு ஒன்று தோலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும்தான். வழவழப்பான உலோகத்துக்கும் ஈரத் தோலுக்கும் நடுவே மெல்லிய திரவப் படலம் அமைகிறது. அதன் பரப்பு இழுவிசையும், நெகிழ்ந்து கொடுக்கும் தோலின் உராய்வும் சேர்ந்து இலேசான பொருளைத் தாங்கிவிடுகின்றன. இத்தகைய காணொளிகளில் ஆட்கள் சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்பதைக் கவனியுங்கள். அந்தச் சாய்வே எடையில் ஒரு பங்கைச் சுமந்துகொள்கிறது. எனவே மேற்கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தாராளமாகப் பூசி, நிமிர்ந்து நிற்கச் சொல்லி அதே கரண்டியை வையுங்கள். பவுடர் காந்த விசையைத் தடுக்காது, ஒட்டலைத் தடுக்கும். பிறகு, ஊசியே போடாத இடமான நெற்றியிலும் ஒரு முறை பவுடர் இல்லாமல் வைத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கும் திசைகாட்டியை அவர் கைக்கு அருகே கொண்டுபோனால், முள் வடக்கைவிட்டு நகராது.

ஸ்கேன் அறைப் பணியாளர்

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு என் தொழில் சார்ந்த ஒன்றைச் சேர்க்கிறேன். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. அறைக்குள் அனுப்பும் முன் இதய முடுக்கி (பேஸ்மேக்கர்) உண்டா, காதுக்குள் பொருத்திய கருவி உண்டா, பட்டறை வேலையில் கண்ணில் இரும்புத் துகள் தெறித்திருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்போம். தடுப்பூசி போட்டவரைக் காந்தம் இழுக்கும் என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. சில ஸ்கேன்களில் தடுப்பூசித் தேதியைக் கேட்பது உண்டு. ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நிணநீர்க் கணுக்கள் சில காலம் வீங்கியிருக்கலாம், அதை வேறு நோயென்று நினைத்துவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

அளவையும் பாருங்கள். வயது வந்தவர் உடலில் ஏற்கெனவே மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் பிணைந்துள்ளது. இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்தையே இரத்தக்குழாய் வழியாக நூறு, இருநூறு மில்லிகிராம் கணக்கில் செலுத்துகிறார்கள். அவர்கள் கையில் எந்தக் கரண்டியும் ஒட்டவில்லை. இவ்வளவு இரும்பால் ஆகாததை, கோவிஷீல்டின் அரை மில்லிலிட்டர் எப்படிச் செய்யும்? அதில் இரும்பே இல்லை.

வதந்தி மறுப்பாளர்

ஒரு சிறு திருத்தம் அவசியம் என்று கருதுகிறேன். அப்போது பலர் அவசரத்தில் "தடுப்பூசியில் உலோகமே கிடையாது" என்று மறுப்பு எழுதினார்கள். அது துல்லியமான கூற்று அல்ல. கோவாக்சினில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ் இருந்தது. கோவிஷீல்டில் மெக்னீசியம் குளோரைடு இருந்தது. மாமனாருக்குப் பரிந்துரைத்தது கூட்டு வகை (கான்ஜுகேட்) நிமோகாக்கல் தடுப்பூசியாக இருந்தால் அதில் அலுமினியம் பாஸ்பேட் இருக்கக்கூடும். இவை எவற்றையும் காந்தம் இழுக்காது என்பதே சரியான பதில். உலோகமே இல்லை என்று சொல்லிவைத்து, நாளை அவர் மருந்துப் பெட்டியில் அலுமினியம் என்ற சொல்லைப் படித்துவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் உங்களை நம்ப மாட்டார்.

வதந்தியின் வழியும் அறியத்தக்கது. ஆய்வகத்தில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களோடு மரபணுவைப் பிணைத்து, காந்தத்தின் உதவியால் செல்லுக்குள் செலுத்தும் மேக்னெட்டோஃபெக்‌ஷன் என்ற முறை உண்மையிலேயே உண்டு. எந்தக் கொரோனா தடுப்பூசியும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதை விட்டுவிட்டு, பெயரை மட்டும் பரப்பினார்கள். 2021 மே மாதத்தில் கையில் காந்தம் ஒட்டிக் காட்டும் காணொளிகள் உலகெங்கும் பரவின. ஜூன் 8 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன், ஷெர்ரி டென்பென்னி என்ற மருத்துவர், தடுப்பூசி போட்டவர்கள் நெற்றியில் சாவி ஒட்டுகிறது என்று சாட்சியம் அளித்தார். அதே அமர்வில் செவிலியர் ஒருவர் சாவியைக் கழுத்தில் ஒட்டிக்காட்ட முயன்றபோது அது நிற்கவில்லை. சாவிகள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை என்பதைக்கூட அந்த அவையில் யாரும் எண்ணிப் பார்க்காதது எனக்கு இன்றும் வியப்பே. மலேசியாவில் "காந்த மனிதர்" என்று பெயர்பெற்ற லியூ தோ லின், கொரோனாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரும்புப் பொருள்களை வயிற்றில் ஒட்டிக் காட்டியவர். அவரைச் சோதித்த ஆய்வாளர்கள் உடலில் காந்தப்புலம் எதையும் காணவில்லை, தோலின் பற்றும் தன்மையே காரணம் என்றார்கள்.

கரூர் வாசகன்

மூவருக்கும் நன்றி. பவுடர் பூசியதும் கரண்டி நிற்கவில்லை. நெற்றியில் பவுடர் இல்லாமல் நின்றது. மாமா சற்று யோசித்தார். ஆனால் இப்போது, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய சிறிய காந்த வில்லை ஒன்றைக் கையில் ஒட்டிக்காட்டி, "இது காந்தம்தானே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார்.

முன்னாள் இயற்பியல் ஆசிரியர்

இலேசான வில்லை எதுவானாலும் ஈரத் தோலில் ஒட்டும். அது காந்தமாக இருப்பது தற்செயல். மெல்லிய கைக்குட்டையை அவர் கைமேல் விரித்து, அதன்மேல் வில்லையை வைக்கச் சொல்லுங்கள். பிறகு அதே கைக்குட்டையை இரும்பு பீரோவின் கதவில் பிடித்து, அதன்மேல் அதே வில்லையை வையுங்கள். காந்த விசை துணியை ஊடுருவும், எண்ணெய்ப்பசை ஊடுருவாது. இரண்டையும் அவர் கையாலேயே செய்யவிடுங்கள். நீங்கள் அருகில் நின்றால் போதும். தடுப்பூசியை எப்போது போடுவது, எந்த வகையைப் போடுவது என்பதை மட்டும் மருத்துவரிடம் அவரே நேரில் கேட்கட்டும்.