ஆயாவின் வாழ்க்கைக் குறிப்பு: வருஷங்களை எப்படிச் சரிபார்ப்பது?

பாலக்கோட்டுப் பேரன்:
எங்கள் ஆயா தவறி நான்கு நாளாகிறது. பதினாறாம் நாள் கருமாதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம். பிறந்தது பாலக்கோடு பக்கம். கல்யாணமாகி கோலார் தங்கவயல், அங்கிருந்து தாத்தாவோடு கப்பலில் பினாங்கு, திரும்பி வந்து கிருஷ்ணகிரி. நடுவில் காசி, கதிர்காமம். கடைசியில் பேத்தி வீட்டுக்கு துபாய். ஆதாரில் 01.01.1930. ஆனால் ஆயா சொல்வது "ஆங்கிரச வருஷம் தைப்பூசத்தன்னிக்குப் பொறந்தவ". கையில் இருப்பவை பழைய கடிதக்கட்டு, தேதியில்லாத படங்கள், ஒரு கிழிந்த பாஸ்போர்ட். எதை நம்பி எழுதுவது?

தொப்பூர் கணவாய்:
ஆயாவின் வாய்ச்சொல்லை நம்புங்கள், ஆதாரை அல்ல. சான்று இல்லாத பெரியவர்களுக்கு உத்தேச வயதைக் கேட்டுப் பதிந்தால் தேதி ஜனவரி 1 என்று விழும். அதனால் 01.01 என்று பார்த்தாலே அந்த வருஷமும் கணிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிரச 1932 சித்திரையில் தொடங்கியது. இங்கேதான் பலர் தவறுவார்கள்: தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். ஆகவே ஆங்கிரச தைப்பூசம் என்றால் 1933 பிப்ரவரி. நாளை அந்த வருஷப் பஞ்சாங்கத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், ஆனால் 1873-ம் 1993-ம் பொருந்தாது என்பதால் குழப்பமில்லை.

பயணங்களுக்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. கடித உறையில் "சேலம் ஜில்லா" என்றிருந்தால் 1965 அக்டோபர் 2-க்கு முந்தையதாக இருக்கலாம். அன்றுதான் தர்மபுரி தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் வந்தது, எனவே மலரில் 1950களைப் பற்றி எழுதும்போது "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று போடாதீர்கள். தங்கவயல் கடிதத்தில் "மைசூர்" மாநிலம் என்றிருந்தால் 1973 நவம்பருக்கு முன். பாஸ்போர்ட் முத்திரையில் "மலாயா" என்றால் 1963 செப்டம்பருக்கு முன். முகவரியில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். ஒரு எச்சரிக்கை: ஜனங்கள் பழைய பெயரைப் பல வருஷம் எழுதிக்கொண்டேயிருப்பார்கள். கையெழுத்தில் புதுப்பெயர் இருந்தால் அது உறுதியான சான்று, பழைய பெயர் பாதிச் சான்றுதான். அஞ்சல் முத்திரைத் தேதி தெரிந்தால் அதுவே போதும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முத்திரை அழுந்திய தடம் தெரியலாம்.

கப்பல் பெயர் ஞாபகமிருந்ததா? "ரஜூலா" என்றால் பெரிய உதவியில்லை, 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. "சிதம்பரம்" என்றால் அதற்குப் பிந்தியது, 1985-ல் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் முடிந்தது. கதிர்காமத்துக்கு தனுஷ்கோடியில் கப்பல் ஏறியிருந்தால் 1964 டிசம்பர் புயலுக்கு முன் என்பது திண்ணம்.

ரயிலையும் கேளுங்கள். மொரப்பூர்–தர்மபுரி–ஓசூர் சின்ன ரயிலை உலகப்போர் சமயத்தில் 1941-ல் நிறுத்திவிட்டார்கள். சேலம்–பெங்களூரு தடம் வந்தது 1960களின் கடைசியில். இடைப்பட்ட காலத்தில் சென்னைக்குப் போனவர்கள் மொரப்பூரில்தான் ஏறியிருப்பார்கள். "தர்மபுரியில் ரயிலேறி மெட்ராஸ் போய் பினாங்கு கப்பல்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் மறுபடி விசாரியுங்கள்.

பழைய ஆல்பம்:
படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபோனில் ஃப்ளாஷ் போட்டு எடுக்காதீர்கள், பளபளப்பு விழுந்து முகம் போய்விடும். ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. இரண்டு அங்குலப் படம் அப்போது 1200 புள்ளி வரும், அச்சில் 300 டிபிஐ கணக்கில் நான்கு அங்குலத்துக்குத் தாங்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை முழுப்பக்கம் போட நினைத்தால் 1200 டிபிஐ-யில் எடுங்கள். கறுப்பு வெள்ளையானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், மஞ்சள் கறையைப் பிறகு பிரித்தெடுக்க அது வேண்டும்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது, முகத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசைத்தாள் ஆல்பமாக இருந்தால் பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுக்கலாம். பூஞ்சை இருந்தால் ஈரத்துணி தொடக்கூடாது. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். பெயர் எழுத மெல்லிய பென்சில் போதும், பால்பாயிண்ட் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் தெரியும்.

பாலக்கோட்டுப் பேரன்:
ரொம்ப நன்றி. பின்கோடு விஷயம் உடனே பலித்தது, இரண்டு உறைகளின் காலம் பிடிபட்டுவிட்டது. பெரிய மாமாவும் சின்ன மாமாவும் பினாங்கு திரும்பிய வருஷத்தில் ஒத்துப்போகவில்லை. யார் சொல்வதைப் போடுவது?

ஓசூர் அக்கா:
தம்பி, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து வருஷம் கேட்காதே, சண்டையில் முடியும். தனித்தனியே கேள், வருஷத்தை விட்டுவிட்டு நடப்பைக் கேள்: "திரும்பி வந்தப்ப கைக்குழந்தை யாரு? கடையில அணாவா, நயா பைசாவா?" நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. "கிருஷ்ணகிரி அணையில தண்ணி தேக்கிட்டாங்களா?" அது 1957-58. பதில் பொருந்தினால் "1958 வாக்கில்" என்று போடு. பொருந்தாவிட்டால் "1950களின் பிற்பகுதி" என்றே எழுது, அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆயாவின் வயதொத்த பெண்கள், நாத்தனார், ஓரகத்தி யாரும் இருந்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போ. கருமாதி அன்று கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் கூட்டத்தில் அவர்களுக்குக் காது கேட்காது. ஆண்கள் வேலை, சம்பளம் சொல்வார்கள், கப்பலில் என்ன சமைத்தார்கள், லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) தண்ணீர் எங்கே பிடித்தார்கள் என்பதெல்லாம் இவர்களிடம்தான் இருக்கும். ஆயாவின் வாழ்க்கையே அதுதானே. தங்கவயல் என்று பொதுவாக எழுதாமல் எந்தச் சுரங்கப் பகுதி, சாம்பியன் ரீஃபா, மாரிகுப்பமா, எந்த லைன் என்றும் கேட்டு வாங்கு.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், வாரிசுச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்காது. மலரில் 1933 போடுவதற்கு அது தடையில்லை.

அச்சுக்கோப்பு:
மலரின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், நடுவில் பின் அடிப்பதால் 14 பக்கம் வராது, 12 அல்லது 16. நீங்கள் யுனிகோடில் தட்டியதை அச்சகம் தங்கள் எழுத்துருவுக்கு மாற்றும்போது கொ, கோ, கௌ, ஸ்ரீ உடையும். மாற்றிய பிறகு வரும் பிடிஎஃப்பைத்தான் திருத்திப் பாருங்கள், முதலில் பெயர்களையும் வருஷங்களையும். கருமாதிக்கு மூன்று நாள் முன் திருத்தம் முடிந்திருக்க வேண்டும்.