புதுப்பிப்பு: முதல் மாடியில் பேப்பர் கட்டிங் மெஷின்

2,400 கிலோ கட்டிங் மெஷினை முதல் மாடியில் வைக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு வேண்டவே வேண்டாம் என்றார். அது வீட்டுக்காகப் போட்ட தளம், ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) கணக்கில் அதற்கான சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது 200 கிலோ சொச்சம். மெஷின் நிற்பதோ 2.4 சதுர மீட்டரில், ஆக சதுர மீட்டருக்கு 1,000 கிலோ, அதுவும் பரவலாக இல்லாமல் நாலு கால் வழியாக, காலுக்கு 600 (எடை சமமாகப் பிரிந்தால்!), கூடவே பிளேடு இறங்கும் அதிர்வு. நான் மறந்தே போனது பேப்பரை: ஒரு மீட்டர் உயரம் அடுக்கினாலே சதுர மீட்டருக்குச் சுமார் 800 கிலோ. விற்றவரின் கொட்டேஷனில் மொத்த எடை மட்டும்தான் இருந்தது. கால்களின் இடைவெளி, ஒவ்வொரு காலிலும் எவ்வளவு இறங்கும் என்று எழுதி வாங்கிய பிறகுதான் கணக்கே ஓடியது. சரி, மெஷின் கீழே, டிசைன் டேபிள் மேலே.