50 பவுண்டு பார்க்கிங் ஃபைன் 75 ஆகிவிட்டது, இனி எதிர்க்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே இருக்கிறேன். கவுன்சில் கார் பார்க்கில் காசு போட்டு டிக்கெட் எடுத்து டேஷ்போர்டில் வைத்தேன், கதவைச் சாத்திய வேகத்தில் அது குப்புற விழுந்திருக்கிறது போல, திரும்பி வந்தால் கண்ணாடியில் கவர். 50 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 25. அன்றிரவே டிக்கெட்டைப் படம் பிடித்து மின்னஞ்சல் போட்டேன். பதிலே இல்லை, சரி விட்டுவிட்டார்கள் என்று நானும் மறந்துபோனேன். நடுவில் வீடு மாறினோம். நேற்று பழைய வீட்டில் இருப்பவர் ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தார்: 'சார்ஜ் சர்டிஃபிகேட்', 75 பவுண்டு. அதற்கு முன் எந்தக் கடிதமும் கைக்கு வரவில்லை. 50ஐ மட்டும் கட்டிவிட்டு மிச்சத்துக்குச் சண்டை போடலாமா?

லாக்புக்காரன்:
வேண்டாம். 50 கட்டினால் அதை வரவு வைத்துக்கொண்டு மிச்சம் 25ஐக் கேட்பார்கள், அவ்வளவுதான். முறைப்படி எதிர்க்க வேண்டிய கட்டம் 'நோட்டீஸ் டு ஓனர்' (வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குக் கவுன்சில் அனுப்பும் கடிதம்) வந்த 28 நாள், அது பழைய முகவரிக்குப் போய்க் காணாமல் போயிருக்கும். சார்ஜ் சர்டிஃபிகேட் என்றால் 50 சதவீதம் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், அதை எதிர்த்து அப்பீல் கிடையாது. கட்டாமல் விட்டால் நார்த்தாம்டனில் இருக்கும் டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் (இந்த ஃபைன் பாக்கிகளைப் பதியும் கோர்ட் பிரிவு) பதிவு செய்து 'ஆர்டர் ஃபார் ரெக்கவரி' என்ற வசூல் உத்தரவை அனுப்புவார்கள், பதிவுக் கட்டணமும் தலையில் விழும். ஆனால் உங்களுக்கு வழி திறப்பது அங்கேதான். கூடவே டிஇ9 (TE9) என்ற வாக்குமூலப் படிவம் வரும், 21 நாளுக்குள் 'நோட்டீஸ் டு ஓனர் கிடைக்கவில்லை' என்பதைக் குறித்து அனுப்புங்கள், அதற்குக் காசு இல்லை. ஏற்றுக்கொண்டால் ஏற்றிய தொகை ரத்து, கவுன்சில் புது நோட்டீஸ் அனுப்பலாம், அப்போது டிக்கெட் கதையைச் சொல்லுங்கள்.

நிம்மதிவிரும்பி:
நானாக இருந்தால் 75ஐக் கட்டிவிட்டுத் தூங்கப் போவேன். ஒரு கடிதம் தவறினால் பெய்லிஃப் (கடன் வசூலிக்க வீட்டுக்கே வருபவர்) வரை போகும், அவர்கள் முதல் கடிதத்துக்கே தனியாகக் கட்டணம் போடுவார்கள். என் மைத்துனர் பட்டார்.

கேட்டவர்:
டிஇ9ல் 'ஆட்சேபம் அனுப்பினேன், பதில் வரவில்லை' என்றும் ஒன்று இருக்கிறதாமே? நான்தான் மின்னஞ்சல் போட்டேனே, அதைக் குறிக்கலாமா?

லாக்புக்காரன்:
கூடாது, பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். அது நோட்டீஸ் டு ஓனருக்கு அனுப்பிய ஆட்சேபத்துக்கு மட்டும். நீங்கள் அனுப்பியது அதற்கு முந்தைய சாதாரண முறையீடு. பொய்யாகக் குறித்தால் கோர்ட் அவமதிப்பு, விளையாட்டில்லை. டிக்கெட் விழுந்த கதையையும் அதில் எழுதாதீர்கள், அங்கே யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். புது நோட்டீசுக்கான ஆட்சேபத்தைக் கவுன்சில் மறுத்தால் டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல் என்ற தனித் தீர்ப்பாயம் இருக்கிறது, அதுவும் இலவசம். அந்தப் படத்தையும் மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள்.

நிம்மதிவிரும்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, 21 நாளைத் தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல டிஇ7 (TE7) என்று இன்னொரு படிவம் போட வேண்டும், அதைக் கவுன்சில் எதிர்க்கலாம். அதனால் இன்றைக்கே கவுன்சிலுக்குப் புது முகவரியை எழுதி அனுப்பி, சர்டிஃபிகேட்டைத் திரும்பப் பெற முடியுமா என்றும் கேளுங்கள், சில சமயம் மனமிரங்குவார்கள். அப்புறம் ஒன்று: லாக் புக்கில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) முகவரி மாற்றினீர்களா? நோட்டீஸ் அந்த முகவரிக்குத்தான் போகும்.

கேட்டவர்:
லைசென்ஸில் மாற்றினேன். லாக் புக்... இல்லை. இப்போதே உட்கார்கிறேன்.