1905 வரைபடத்தில் கரையில் இருக்கும் பள்ளிக்கூடம், இன்றைய படத்தில் ஓடைக்குள் விழுகிறது: உதவி தேவை

கேள்வி:
அப்பலாச்சியன் மலையில் நான் குடியிருக்கும் ஓடைப் பள்ளத்தாக்கில் முன்பு ஓர் ஊர் இருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் டோப்போவியூ தளத்தில் 1905-ஆம் ஆண்டு வரைபடம் கிடைத்தது, அளவு 1:62,500. ஓடையோரம் வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. இன்று மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டம்தான் மிச்சம். கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் பள்ளிக்கூடம் ஓடையின் நடுவே நிற்கிறது. ஓடை வளைவுகளில் ஐந்து புள்ளிகள் வைத்துப் பொருத்தினேன். தேவாலயம் இன்னும் தள்ளிப்போய்விட்டது. பள்ளி நின்ற இடத்தை எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும்.

பதில் 1:
ஆயத்தொலை அமைப்பை (இடங்களை எண்களால் குறிக்கும் முறையை) நேட்27, அதாவது வட அமெரிக்காவின் 1927 அளவை அடிப்படை, என்று மாற்றிப் பாருங்கள். என் படங்கள் அதில்தான் சரியாயின.

பதில் 2:
உங்களுடையவை 1950-களில் வந்த 1:24,000 படங்களாக இருக்கும். நேட்27 பிறந்ததே 1927-இல். 1905 படத்துக்கு அது உதவாது.

கேட்டவருக்கு: ஓடையைப் பிடிக்காதீர்கள். வெள்ளத்துக்கு வெள்ளம் அது இடம் மாறும். முதலில் படத்தின் ஓரத்திலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிகளில் பொருத்துங்கள். அப்புறம் பழைய சாலைச் சந்திப்புகள், கல்லறைத் தோட்டம் போன்ற நகராத இடங்களால் சரிபாருங்கள். படத்தை ரப்பர்போல் இழுத்து எல்லாப் புள்ளிகளிலும் ஒட்டவைக்கும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறை வேண்டாம், அது பிழையை மறைத்துவிடும். படம் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தித் திருப்பும் முதல்படி பல்லுறுப்புக்கோவை முறையே போதும்.

இன்னொன்று, இந்த அளவில் 1 மி.மீ. என்பது 62.5 மீட்டர். பள்ளிக்கூடக் குறியே அதற்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். எனவே ஒரே புள்ளியில் தேடாமல் அதைச் சுற்றிய வட்டத்துக்குள் தேடுங்கள். சமஉயரக் கோடுகளின் 'வி' முனை ஓடையின் மேல்பக்கம் பார்க்கும். பள்ளி எந்தக் கிளை ஓடையின் வாயில் இருக்கிறது என்பதை அதை வைத்துப் பிடிக்கலாம்.

கேட்டவர்:
செய்தேன். கல்லறைத் தோட்டமும் இரண்டு சந்திப்புகளும் இரண்டு படங்களிலும் பொருந்துகின்றன. பள்ளி இப்போது இரண்டாம் கிளை ஓடை சேரும் இடத்துக்கு மேலே, ஒரு சமதளத்தில் வருகிறது. மனசு நிறைந்துவிட்டது!

பதில் 2:
அருமை. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, இலை உதிர்ந்த பிறகு போங்கள், அடித்தளக் கற்கள் தெரியும். மார்ச் மாதத்தில், வீட்டோரம் நட்டு வளர்க்கும் டாஃபடில் பூக்கள் வரிசையாக நின்றால் அங்கே ஒரு வீடு இருந்திருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.