புதுப்பிப்பு: உயிலில் சிறுவர் அறநிறுவனத்துக்கு ஒரு பங்கு

சிறுவர் அறநிறுவனத்துக்கு உயிலில் பங்கு ஒதுக்குவது பற்றிய நம் இழையில், "மசேநி (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி) பணத்தையும் அதிலேயே எழுதலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியாது. மசேநி சேமிப்பு உயிலுக்குள் வராது. அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். கணவன் மனைவி கூட்டுரிமையில் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையும் உயிலில் எழுத முடியாது. ஒருவர் காலமானால் மற்றவருக்கே போய்விடும்.

சிக்கல் பெரும்பாலும் வாசகத்தில்தான். "ஏதாவது குழந்தைகள் இல்லத்துக்கு" என்றால், உயிலில் உள்ளதைச் செய்து முடிக்கும் நிறைவேற்றாளர் திண்டாடிப் போவார். பதிவான முழுப் பெயரோடு அமைப்பின் யூஇஎன் (UEN) பதிவு எண்ணையும் எழுதுங்கள். "அந்த அமைப்பு மூடப்பட்டாலோ வேறொன்றுடன் இணைந்தாலோ, அதே பணியைச் செய்யும் வேறு சிறுவர் அமைப்புக்குக் கொடுக்கலாம்" என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தொகையைவிட விழுக்காடே நல்லது என்பது எங்கள் கருத்து. 20,000 வெள்ளி என்று எழுதிவிட்டுச் சொத்து கரைந்துபோனால், அந்தத் தொகை முதலில் கழிந்து குடும்பத்தின் மீதிப் பங்கு சுருங்கும். "கடனும் செலவும் போக மீதியில் 5 விழுக்காடு" என்றால் அந்தச் சங்கடம் இல்லை.

உயிலில் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். பயனாளியோ அவருடைய துணையோ சாட்சியானால் அவருக்கு எழுதியது செல்லாது. உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் பொதுவாகப் பழைய உயில் ரத்தாகிவிடும், புதிதாக எழுதுங்கள். முஸ்லிம்கள் உயிலில் எழுதிக் கொடுப்பதைச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்த வேண்டும்.