வான்கூவரில் எச்1பி ஸ்டாம்பிங்: சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சியாட்டிலில் வேலை. எச்1பி (அமெரிக்க வேலை அனுமதி) நீட்டிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா மார்ச்சிலேயே முடிந்துபோனது; புது விசாவை ஒட்டி வாங்க வேண்டும், அதுதான் ஸ்டாம்பிங். ஆகஸ்டிலேயே வான்கூவர் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அக்டோபர் நேர்காணலுக்குத் தேதி வாங்கி, கனடா விசாவும் எடுத்து வைத்தேன். அப்புறம்தான் அமெரிக்க வெளியுறவுத் துறையின் 2025 செப்டம்பர் 6 அறிவிப்பு: சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டுமாம். ஏற்கெனவே வாங்கிய தேதிகளைப் பொதுவாக ரத்து செய்யமாட்டார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது.

சும்மா போய்த் திரும்புவதென்றால் கவலையில்லை, ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்ற பதிவு) செல்லுபடியாக இருந்தால் 30 நாளுக்குள் முடிந்த விசாவோடே உள்ளே வந்துவிடலாம். ஆனால் அங்கே புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால், அது கைக்கு வரும்வரை அந்த வழி அடைபட்டுவிடும். கூடுதல் ஆவணமோ விசாரணையோ வேண்டும் என்று விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளை நீட்டிவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கமே உட்கார வேண்டியதுதான். மனைவிக்கு இது ஏழாவது மாதம், வீட்டில் வேறு ஆள் இல்லை. ராத்திரி ஃபைலை எடுத்து ஐ-797 (எச்1பி ஒப்புதல் கடிதம்), சம்பளச் சீட்டு எல்லாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன், தூக்கம் வரவில்லை.

அறிவிப்புக்குப் பிறகு பழைய தேதியில் அங்கே போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டார்களா? பாஸ்போர்ட் எத்தனை நாளில் வந்தது? இல்லை, இதை விட்டுவிட்டுப் பிரசவம் முடிந்து சென்னையிலேயே பார்த்துக்கொள்ளட்டுமா?