வெரிஃபிகேஷன் மெயில் வராமல் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எங்கள் ஊர் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாலக்காட்டுக்கும் விண்ணப்பம் போடுவார்கள், கோயம்புத்தூருக்கும் போடுவார்கள். ஒவ்வொரு தளத்திலும் புதுக் கணக்கு திறக்க வேண்டும், ஒவ்வொன்றும் மெயில் வெரிஃபிகேஷன் கேட்கும், அதாவது மெயிலில் வருகிற லிங்க்கைத் தட்டியோ எண்ணைப் போட்டோ முகவரி நம்முடையதுதான் என்று உறுதிசெய்யச் சொல்லும். விண்ணப்பத்தையே ஒழுங்காக நிரப்பிவிடுகிற பிள்ளைகள்கூட நின்றுபோவது இந்த இடத்தில்தான். கடைசித் தேதி நெருங்கும்போது அதுகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதினால் யாருக்காவது உதவும்.

மெயில் வரவில்லை என்றதும் எல்லோரும் 'ரீசென்ட்' (மறுபடி அனுப்பு) பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். முதலில் அதை நிறுத்த வேண்டும். பெரும்பாலான தளங்களில் புது மெயில் கிளம்பியதுமே பழைய மெயிலில் இருக்கும் லிங்க் செத்துவிடும். அப்புறம் நாலு மெயிலும் ஒன்றாக வந்து சேரும்போது, கைக்குக் கிடைத்ததைத் தட்டினால் 'காலாவதியாகிவிட்டது' என்று வரும். சில தளங்கள், அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று கதவையே சாத்திவிடும்.

ஜிமெயிலில் இன்னொரு விஷயம் உண்டு. ஒரே தலைப்பில் வருகிற மெயில்களை அது ஒரே கொத்தாகக் கட்டி வைக்கும். புதியது கொத்தின் அடியில் இருக்கும். போன வாரம் ஒரு பெண், ஆறு இலக்க எண்ணே மெயிலில் இல்லை என்று அழாத குறையாகப் போனை நீட்டினாள். கொத்தைத் திறந்து கடைசி மெயிலுக்குப் போனால் மேலே தளத்தின் பெயர், கீழே மூன்று புள்ளிகள், நடுவில் வெறுமை. முந்தைய மெயிலில் இருந்த வாசகமே திரும்ப வந்தால் ஜிமெயில் அதை மடித்து அந்த மூன்று புள்ளிக்குள் வைத்துவிடும். அந்தப் புள்ளிகளைத் தட்டியதும் எண் வந்துவிட்டது.

கொத்தே இல்லை, மெயிலையே காணோம் என்றால் ஸ்பாம், புரமோஷன்ஸ் இரண்டையும் பாருங்கள். ஒவ்வொன்றாகத் தேட அலுப்பாக இருந்தால், தேடும் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் 'இன்:எனிவேர்' என்று அடித்து, ஓர் இடம் விட்டுத் தளத்தின் பெயரைப் போடுங்கள். ஸ்பாம், குப்பைத்தொட்டி வரை எல்லாவற்றையும் துழாவிக் கொண்டுவந்துவிடும்.

அங்கேயும் இல்லையா? கொடுத்த முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். ஜிமெயில்.காம் என்பதில் கடைசி எழுத்து மாறி 'கான்' ஆகியிருக்கும். போன் கீபோர்டு தானாகச் சொல்லைப் பரிந்துரைக்கும்போது முகவரியின் முடிவில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தளம் 'முகவரி சரியில்லை' என்று அடம்பிடிக்கும். கர்சரைக் கடைசியில் வைத்து ஒரு தடவை அழித்துவிட்டால் போதும்.

வண்டிப்பெரியாற்றிலிருந்து:

நல்ல விஷயம் எழுதினீர்கள் அண்ணே. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் பார்த்தும் எங்களுக்கு மெயில் வரவில்லை. காரணம் வேறு. மெயில் பெட்டி நிரம்பியிருந்தது.

நாங்கள் எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். தம்பியின் கணக்கு அப்பாவின் போனில்தான் இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 15. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றுகிற படங்களும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. 2024 தொடக்கத்திலிருந்து ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே விழ ஆரம்பித்தது. கல்யாண வீடியோ, கோயில் கொடை வீடியோ, குரூப்பில் வருகிற குட்மார்னிங் படங்கள் எல்லாம் போய் அடைத்துக்கொண்டால் மெயில் எங்கே வரும்? நிரம்பிவிட்டால் வருகிற மெயிலை வாங்காமல் அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

தேடும் கட்டத்தில் 'லார்ஜர்:10எம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் 10 எம்பிக்கு மேலான மெயில்கள் மட்டும் வரும். அதை அழித்தோம். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவை நிறுத்தினோம். குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடம் கிடைக்காது.

இடம் கிடைத்தது. மற்ற மெயிலெல்லாம் வந்தது. ஆனால் அந்தத் தளத்தின் மெயில் மட்டும் வரவே இல்லை! குமுளியில் கம்ப்யூட்டர் வேலை தெரிந்த அண்ணன் ஒருவர்தான் விளக்கினார். ஒரு முகவரிக்குப் போன மெயில் திரும்பி வந்தால், மெயில் அனுப்புகிற சில சேவைகள் அந்த முகவரியை 'இனி அனுப்பாதே' பட்டியலில் போட்டுவிடுமாம். அதன்பின் நாம் எத்தனை தரம் ரீசென்ட் கொடுத்தாலும் திரையில் 'அனுப்பப்பட்டது' என்றுதான் வரும், உண்மையில் ஒன்றும் கிளம்பாது. அதை நாம் சரிசெய்ய முடியாது. அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு அதே முகவரியிலிருந்து எழுதி, 'என் முகவரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள், நீக்குங்கள்' என்று கேட்க வேண்டும். அப்படியே எழுதினோம். நீக்கிவிட்டார்கள், மெயில் வந்தது. வெறுமனே 'மெயில் வரவில்லை' என்று எழுதியிருந்தால் ஸ்பாமைப் பாருங்கள் என்று பதில் போட்டிருப்பார்கள்.

நகரியிலிருந்து:

எங்கள் ஊர்க் கதை வேறு மாதிரி. இங்கே தறி போடுகிற குடும்பங்களில் இளைஞர்கள் இப்போது சேலையை நேரடியாக ஆன்லைனில் விற்கப் பார்க்கிறார்கள். விற்பவர் கணக்கு திறக்க மெயில் வேண்டும். மெயில் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பார்கள். எப்போதோ ஒரு கடையில் உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு கடைக்காரருக்குத்தான் தெரியும். மீட்பதற்கான போன் நம்பரும் அவருடையது. அந்தக் கடை மூடியாகிவிட்டது.

என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆயிற்று. வெரிஃபிகேஷன் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும், திறந்து பார்க்கத்தான் வழியில்லை. ஆந்திரா சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று என்று வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும். மெயிலை மீட்கும் நம்பர் அதுவாக இருந்தால் சிக்கல்தான். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கியும் வருகிறது.

கடை வைத்திருப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். அவசரத்துக்கு உங்கள் மெயிலைப் போட்டு யாருக்கும் கணக்கு திறந்து கொடுக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் அவர் பெயரில், அவர் நம்பரில் மெயில் திறந்து, பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பத்து நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும்.

புளியரையிலிருந்து:

சின்ன விஷயம். மெயில் ஆப்புக்குள்ளேயே லிங்க்கைத் தட்டினால் அது தனி ஜன்னலில் திறக்கும். நாம் கணக்கு தொடங்கிய பிரௌசர் வேறு. சில தளங்கள் இரண்டையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளாமல் 'மறுபடி உள்நுழையுங்கள்' என்று சுற்றவிடும். லிங்க்கை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, முதலில் தொடங்கிய பிரௌசரிலேயே ஒட்டினால் சரியாகிவிடும். ஆபீஸ் மெயில் கொடுத்தவர்களுக்கு வேறு தொல்லை: அங்கே உள்ள பாதுகாப்புச் சோதனை, லிங்க்கை நமக்கு முன்பே ஒரு தடவை திறந்து பார்த்துவிடும். ஒரே தடவைதான் செல்லும் லிங்க் என்றால் நாம் தட்டும்போது அது முடிந்து போயிருக்கும். இதற்குச் சொந்த மெயிலே மேல்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மறுபடி:

வண்டிப்பெரியாறு தங்கை சொன்ன பட்டியல் விஷயம் எனக்குப் புதிது. இனிமேல் கடையில் முதலில் இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். நகரிக்காரர் சொன்னதைக் கடை நடத்துகிற எல்லோரும் செய்ய வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன், நோட்டில் எழுதி அவர்களிடமே கொடுத்துவிடுவேன்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தனியாகச் சிலர் கேட்டார்கள். சில மெயில் சர்வர்கள், பழக்கமில்லாத இடத்திலிருந்து மெயில் வந்தால் முதல் தடவை வாங்காது, அப்புறம் வா என்று சொல்லிவிடும். ஸ்பாம் அனுப்புகிறவன் பெரும்பாலும் திரும்பி வரமாட்டான், ஒழுங்கானவன் வருவான் என்பது கணக்கு. மறுமுயற்சிக்கு அரை மணி நேரமாவது விட வேண்டும் என்பது மெயில் விதியின் பொதுவான பரிந்துரை. அதனால் ஒரு தடவை ரீசென்ட் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பிடியுங்கள். அதற்கும் வராவிட்டால் வேறொரு மெயில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் தங்களை முறையாக நிரூபித்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டன. அதைச் சரியாக அமைக்காத தளத்தின் மெயில் உங்கள் பெட்டிவரை வராமலே போகலாம். அது அவர்கள் பக்கத்துக் கோளாறு.

நீங்கள் கேட்காமலேயே ஒரு வெரிஃபிகேஷன் மெயில் வந்தால் அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். உங்கள் முகவரியை வேறு யாராவது போட்டிருக்கலாம். போனில் கூப்பிட்டு, மெயிலில் வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும், சொல்லாதீர்கள்.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து யாராவது இருந்தால் எழுதுங்கள். அங்கேயும் இரண்டு மாநிலத்துக்கும் விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் நிறைய.